ஆள் இருக்கிறது, வண்டி வேண்டும்

தென்பெண்ணைக் கரையில் உள்ள பேரூராட்சி, ஊராட்சி மன்றங்களின் தலைவர்கள், உறுப்பினர்கள், செயல் அலுவலர்கள், ஊராட்சிச் செயலர்கள், நீர்வளத் துறைப் பொறியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

ஆற்றங்கரையில் குப்பை பொறுக்க ஆள் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குக் கீழே காவேரிப்பட்டணம் தொடங்கி, இருமத்தூர், அனுமன்தீர்த்தம் வரை எந்த ஊரில் அறிவித்தாலும் காலை ஆறரைக்கு முப்பது நாற்பது பேர் வந்து நிற்பார்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லாத் தரப்பிலும் ஆள் உண்டு. எங்களுக்கு வேண்டியவை மூன்று. மூட்டை கட்டி முடிக்கிற நேரத்தில் கரையில் வந்து நிற்கும் வண்டி. அது போய்ச் சேர, வெயில் படும் சிமென்ட் தரை உள்ள ஓர் இடம். அங்கே இரண்டு நாள் காயவைக்க அனுமதி. இவை மூன்றும் எழுத்தில் உறுதியாகாமல் எந்த ஊரிலும் துப்புரவு நாள் வைக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

மூட்டைகள் ஒரு ராத்திரி கரையில் கிடந்தால் என்ன ஆகும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முதலில் பாட்டில் பொறுக்குகிறவர் வருவார். அது அவர் பிழைப்பு, குறை சொல்ல முடியாது. முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க நேரமில்லாமல் பிளேடால் சாக்கைக் கீறுவார். தண்ணீர் பாட்டிலும் தகரமும் போகும், மிச்சமெல்லாம் அங்கேயே கொட்டும். கோழிக்கழிவு வாடை இருந்தால் நாய்கள் இழுத்துப் போடும். விடிந்ததும் நாற்றம் பொறுக்காமல் யாராவது நெருப்பு வைப்பார்கள். பிளெக்ஸ் பேனர், வயர் உறை, செருப்பு எல்லாம் ஒன்றாக எரியும் புகையில் டையாக்சின் என்ற கொடிய நச்சு வரை இருக்கும். பாதி உருகிய கட்டியும் சாம்பலும் அடுத்த மழையில் ஆற்றுக்குள் போகும். பொறுக்குவதற்கு முன் அது முழுக் கவராகவாவது கிடந்தது, எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். எரிந்து துணுக்கான பிறகு அதை எவராலும் எடுக்க முடியாது. வண்டி இல்லாத துப்புரவு நாள், நடத்தாமல் விட்டதைவிடக் கேடு என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

வண்டிக் கணக்கு எளிது. ஒருவர் இரண்டு மணி நேரத்தில் 50 கிலோ அரிசிச் சாக்கு ஒன்று அல்லது ஒன்றரை நிரப்புவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் வந்தால் நாற்பது முதல் அறுபது மூட்டை. கவரும் பாக்கெட்டும் மட்டும் உள்ள மூட்டை ஏழெட்டு கிலோ தேறினால் அதிகம். இடம்தான் அடைக்கும். வீடு வீடாக வரும் பேட்டரி வண்டியில் பத்து மூட்டைக்கு மேல் ஏறாது. அதை அனுப்பினால் ஆறு நடை அடிக்க வேண்டும், நடுவில் சார்ஜ் இறங்கிவிடும். டாடா ஏஸ் என்றால் நாற்பது வரை அடுக்கலாம், இரண்டு நடை. டிராக்டர் டிரெய்லர் என்றால் ஒரே நடை. ஆனால் டிரெய்லரைக் கரைச் சரிவில் இறக்கித் திருப்ப முடியாது. ஆகவே வண்டி எங்கே நின்று எங்கே திரும்பும் என்பதை முந்தின நாளே ஓட்டுநரைக் கூட்டிப்போய்க் காட்டிவிட வேண்டும். பொறுக்கும் இடத்திலிருந்து அந்த இடம் நூறு மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் கடைசி அரை மணியில் களைத்த பிள்ளைகள் மூட்டையை இழுத்துக்கொண்டு போவார்கள், சாக்கின் அடி தேய்ந்து கிழியும்.

நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களில் பலருக்கு ஞாயிறு வசதி. ஆனால் தூய்மைப் பணியாளர்களுக்கு ஓய்வு கிடைத்தால் அன்றுதான் கிடைக்கும். தன்னார்வத் தொண்டு என்ற பெயரில் அவர்களைக் கூலியில்லாமல் ஞாயிறு காலையில் வரவழைப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. சனிக்கிழமை வையுங்கள், அல்லது அன்றைய வேலைக்குத் தனிக் கூலி கொடுங்கள்.

அடுத்தது காயவைக்கும் இடம். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வீட்டிலிருந்து வரும் கவரும் ஆற்றிலிருந்து எடுத்த கவரும் ஒன்றல்ல. ஆற்றுக் கவரின் உள்ளே வண்டல் அடைத்திருக்கும். மடிப்புக்குள் ஈரம் வாரக்கணக்கில் காயாது. ஒரு பால் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெறும் பாக்கெட் நாலைந்து கிராம்கூட இருக்காது. மண்ணோடு எடுத்தால் ஒரு கைப்பிடி கனம். அதை அப்படியே குப்பையைத் தரம் பிரிக்கும் வளம் மீட்புப் பூங்காவில் இறக்கினால், அழுத்திக் கட்டாக்கும் பேலிங் மிஷினில் போட மாட்டார்கள். மண் மிஷினைத் தேய்க்கும், ஈரக் கட்டு உள்ளுக்குள் அழுகி நாறும். சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்பும் கழிவில் ஈரமும் மண்ணும் இருந்தால் எரிதிறன் குறைகிறது, லாரிக்காரர் மண்ணுக்கும் சேர்த்து வாடகை கேட்கிறார். பிளாஸ்டிக் கலந்த தார்ச்சாலைக்கும் அதே சிக்கல். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கொண்டுவந்த அந்த முறையில், 160 டிகிரி வாக்கில் சூடான ஜல்லியின் மேல் துருவிய பிளாஸ்டிக் உருகி மெல்லிய பூச்சாக ஒட்ட வேண்டும். சேறு இருந்தால் ஒட்டாது. பி.வி.சி. கலந்தால் நச்சு வாயு வரும் என்பதால் பிளெக்ஸ் பேனரையும் குழாய்த் துண்டுகளையும் கண்டிப்பாகத் தனியே எடுத்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாக்கில் போடும் முன் ஒவ்வொரு கவரையும் தலைகீழாக இரண்டு உதறு உதற வேண்டும். மூட்டைகளைக் காயவைக்கும் இடத்தில் இறக்கியதும் சிமென்ட் தரையில் கொட்டி, நான்கு விரல் கனத்துக்கு மேல் இல்லாமல் பரப்பி, ஒரு வலையை மேலே போட்டு இரண்டு வெயில் காட்ட வேண்டும். வலை இல்லாவிட்டால் காற்றில் பறந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும். மூன்றாம் நாள் வாரியால் கிளறினால் காய்ந்த வண்டல் தானாக உதிரும். நாற்பது பேர் கொண்டுவரும் மூட்டைக்குச் சுமார் 1,000 சதுர அடித் தரை ஒதுக்குங்கள். மழை இருட்டினால் இழுத்து மூடத் தார்ப்பாய் இருக்கட்டும். கிளறுவதற்கு எங்களில் ஐந்து பேர் வருவோம், உங்கள் ஆட்களை அந்த வேலைக்கு ஒதுக்க வேண்டாம்.

கரையில் எப்படி எடுக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அனுமதி கொடுக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மண்ணில் பாதி புதைந்த கவரைப் பிடித்து இழுக்கக் கூடாது. வெயிலில் கிடந்த கவர் நொறுங்கிப் போயிருக்கும். இழுத்தால் கையில் பாதி வரும், மீதி உள்ளே நின்றுவிடும், நடுவில் உள்ளது துகளாக உதிரும். களைக்கொத்தால் சுற்றிலும் மண்ணை இளக்கி, அடியில் கை கொடுத்து, மண்ணோடு சேர்த்துத் தூக்கி உதற வேண்டும். ஆனால் கரைச் சரிவில் நாணல், கோரை வேர்களுக்குள் பின்னிப்போன கவரையும் சேலையையும் தோண்டி எடுப்பது தவறு. அந்த வேர்தான் கரையைப் பிடித்து நிறுத்துகிறது. வெளியே தெரிவதைக் கத்தரிக்கோலால் தரை மட்டத்தில் வெட்டிவிட்டு மேலே நகர வேண்டும். பொக்லைன் வைத்து வழித்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். வழித்தால் குப்பையோடு கரையும் போகும், அடுத்த வெள்ளத்தில் அந்த இடம்தான் முதலில் அரிக்கும். இலை, சருகு, ஆகாயத்தாமரை எதையும் சாக்கில் போட மாட்டோம்.

வெள்ளம் வடிந்த பிறகு சீமைக்கருவேல முள்ளில் தொங்கும் கவரும் துணியும் வேறு வகை. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு தண்ணீர் வந்து போனால் குப்பை எந்த உயரம்வரை ஏறியது என்று மரங்களே காட்டும். அதற்குத் துறட்டி வேண்டும். பத்தடி மூங்கில், நுனியில் இரும்புக் கொக்கி. கொக்கியைக் கவரில் மாட்டி இழுத்தால் கிழியும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இழுத்தால் முழுசாக வரும். மின்கம்பி போகும் இடத்தில் துறட்டியைத் தூக்கவே கூடாது.

துணிதான் இந்த ஆற்றில் மிகக் கனமான குப்பை. ஆடிப்பெருக்கு, அமாவாசை, கருமாதி என்று தலை முழுகுகிறவர்கள் கட்டியிருந்த துணியை ஆற்றோடு விடுகிறார்கள். நம்பிக்கை சார்ந்த விஷயம், கரையில் நின்று வாக்குவாதம் செய்ய நாங்கள் தயாரில்லை. நனைந்த பாலியஸ்டர் சேலைக்குள் மணல் ஏறினால் இரண்டு பேர் பிடித்தாலும் அசையாது. எடுத்த துணியைக் கவரோடு கலந்தால் அந்த மூட்டையும் கெடும். முதலில் கரையிலுள்ள பாறையில் விரித்துப் போட்டுவிட்டு, கிளம்புகிற நேரத்தில் கடைசியாகக் கட்ட வேண்டும். இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு, அது உங்கள் கையில் இருக்கிறது. படித்துறைக்கு மேலே, உடை மாற்றும் இடத்தை ஒட்டி, நான்கடி உயரத்தில் கம்பி வலைக் கூண்டு ஒன்று வையுங்கள். மூடிய தொட்டி வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எச்சில் இலையும் அதில்தான் விழும். வலைக் கூண்டில் துணி தெரியும், அடுத்தவரும் துணியையே போடுவார். ‘ஆற்றில் விடும் துணியை இங்கே விடவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதினால் போதும். அபராதம் என்ற சொல் அந்தப் பலகையில் வேண்டாம். ஆடி 18 அன்று அனுமன்தீர்த்தம் போன்ற இடங்களுக்கு ஒரு கூண்டு போதாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலி செய்ய ஆளும் வேண்டும்.

கண்ணாடிக்குச் சாக்கே ஆகாது. உடைந்த பாட்டில் சாக்கைத் துளைத்து, தூக்குகிறவர் தொடையைக் கிழிக்கும். காலி பெயின்ட் வாளி 20 லிட்டர் அளவில் எட்டுப் பத்து இருந்தால் போதும், பெயின்டர்களிடம் கேட்டால் கிடைக்கும். வாளியில் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. உடையாத மதுப் பாட்டில்களைத் தனியே வைக்கிறோம். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கியது. அதன் ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டில் ஆற்றங்கரையில் நெடுநாள் கிடக்காது, யாராவது எடுத்துப்போய்விடுவார்கள். கரையில் மிஞ்சிக் கிடப்பவை ஸ்டிக்கர் இல்லாதவையும் உடைந்தவையும்தான்.

ஊசி, மருந்துப் பாட்டில், பல்பு, நாப்கின், செத்த பிராணி ஆகியவற்றை மாணவர்கள் தொடக் கூடாது. கண்டால் அந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட்டுவிட்டுக் குரல் கொடுப்பார்கள். பயிற்சி உள்ள ஒருவர் நீள இடுக்கியால் ஊசியை எடுத்து, மூடி உள்ள கெட்டி பிளாஸ்டிக் கேனில் போடுவார். ஊசியின் மூடியைத் திரும்பப் போட முயலவே கூடாது, குத்துப்படுவது அப்போதுதான். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. குப்பைக் குவியலுக்குள் கை விடும் முன் கழியால் தட்டிக் கலைக்க வேண்டும், அடியில் கண்ணாடி விரியன் சுருண்டிருக்கும். மெல்லிய டாக்டர் கையுறை பத்து நிமிடம் தாங்காது. உள்ளங்கையில் ரப்பர் பூசிய பின்னல் கையுறை வேண்டும், ஆளுக்கு ஒரு ஜோடி, கூடப் பத்து ஜோடி கையிருப்பு. செருப்புப் போட்டு வந்தவரைக் கரைக்கு இறக்க மாட்டோம், மேலே எடை போடும் வேலை கொடுப்போம்.

தண்ணீருக்குள் யாரும் இறங்கக் கூடாது. முழங்கால் ஆழம் என்று தெரியும் இடத்திலும் மணல் அள்ளிய பள்ளம் இருக்கும். கழிவுநீர் கலந்த தண்ணீரில் கால் புண்ணோடு நின்றால் எலிக்காய்ச்சலுக்கு இடம் கொடுத்ததாகும். இங்கே நீர்வளத் துறையிடம் ஒரு வேண்டுகோள். கே.ஆர்.பி. அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 52 அடி. நீர்மட்டம் அதை நெருங்கினால் வரும் தண்ணீர் அப்படியே ஆற்றில் திறக்கப்படும். மேலே கெலவரப்பள்ளி அணையில் திறப்பது இங்கே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். வழக்கமான வெள்ள எச்சரிக்கை போக, துப்புரவு நாளுக்கு முந்தின மாலையும் அன்று காலை ஆறு மணிக்கும் திறப்பு அளவில் மாற்றம் உண்டா இல்லையா என்று ஒரு குறுஞ்செய்தி கொடுங்கள். மாற்றம் இருந்தால் அன்று ரத்து. எங்களைப் பொறுத்தவரை தை பிறந்து பங்குனி முடியும் வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். தண்ணீர் குறைந்து கரை தெரியும், காலையில் வெயிலும் கடுமை இல்லை. ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்துவிடலாம். வருகிறவர்களுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறோம், டம்ளர் அவரவர் கொண்டுவர வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் ஒன்று. துப்புரவு நாளிலேயே அதில் டீ கொடுப்பது மிகவும் வேதனையான காட்சி.

இனி மன்றங்கள் தாங்களே செய்ய வேண்டியது. கரையில் கிடப்பதில் பெரும்பகுதி மூன்று வழியாக வருகிறது. ஒன்று, தெருச் சாக்கடை ஆற்றில் சேரும் வாய். இரண்டு, பாலம். மூன்று, கரையோர விருந்தும் விசேஷமும். சாக்கடை வாயில் கம்பிச் சட்டம் போடுங்கள். இரண்டு அங்குல இடைவெளியில் கம்பிகள், செங்குத்தாக இல்லாமல் சாய்வாக, மேலே கீல் வைத்துத் தூக்கும்படி. சாய்வாக இருந்தால் குப்பை மேலேறி ஒதுங்கும், தண்ணீர் கீழே போகும். செங்குத்தாக வைத்தால் ஒரே மழையில் அடைத்து, தண்ணீர் தெருவுக்குள் திரும்பும். கோபத்தில் யாராவது கம்பியைப் பிடுங்கி எறிவார்கள், அத்தோடு திட்டம் முடிந்தது. வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒவ்வொரு மழைக்கும் பிறகு, மேலே நின்றபடி வாரியால் இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்காக எவரையும் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது. பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஆறடிக்கு வலை கட்டினால், வண்டியை நிறுத்தாமல் வீசிவிட்டுப் போகும் கோழிக்கழிவு மூட்டை பாதியாவது நிற்கும். விசேஷத்துக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாளுக்கு முன் உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும், குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. ஆற்றங்கரை விருந்துகளும் கோயில் விசேஷங்களும் இதைக் கடைப்பிடித்தாலே எங்கள் மூட்டைகளின் எண்ணிக்கை குறையும்.

கரை நீர்வளத் துறைக்கு, குப்பை உள்ளாட்சிக்கு என்று பொறுப்பு இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒரு கடிதம் மேசை மாறி மாறி நிற்கும் அபாயம் உண்டு. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பின் கீழ்க்கரை ஊர்கள் சில தர்மபுரிப் பக்கம் இருக்கின்றன, மேலே விட்ட கவர் அங்கே போய்த்தான் ஒதுங்குகிறது. எனவே துப்புரவு நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே இரு தரப்புக்கும் ஒரே கடிதத்தை அனுப்புகிறோம். அதில் எந்தப் படித்துறை முதல் எந்தப் பாலம் வரை, எத்தனை பேர், யார் பொறுப்பு என்பது இருக்கும். முடிந்த அன்று மாலையே தொங்கு தராசில் போட்ட எடை, வகை வகையாக, கரையின் நீளத்தோடு உங்கள் அலுவலகத்துக்கு வரும். அதே இடத்தில் மூன்று மாதம் கழித்து மறுபடி எடை போடுவோம். எடை குறைந்தால் கம்பிச் சட்டமும் கூண்டும் வேலை செய்கின்றன. குறையாவிட்டால் எந்த வழியாக வருகிறது என்று சேர்ந்து தேடலாம்.

இந்தத் தை மாதத்தில் முதல் நாளை வைத்துக்கொள்ள நாங்கள் தயார். உங்களிடமிருந்து இரண்டு வரி பதில் போதும். எந்தச் சனிக்கிழமை, எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்தத் தரையில் இறக்குவது.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரைத் துப்புரவுக்கு வரும் தன்னார்வலர்கள்,
காவேரிப்பட்டணம் வட்டாரம்.